போத்தலில் இருக்கும் குட்டியும் பாம்பு வளர்க்கும் ஆசையும்

தங்கச்சி, களுவாஞ்சிகுடியிலிருந்து நீங்கள் எழுதியதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தரம் 8 படிக்கும் உங்கள் மகன் வயல்வட்டைப் பக்கம் பிடித்த ஒரு சின்னப் பாம்பைச் சாரைக்குட்டி என்று சொல்லி, மூடியில் துளையிட்ட பிளாஸ்டிக் போத்தலில் வைத்திருக்கிறான். அதை வளர்க்க விடலாமா என்பது முதலாவது. விஷமில்லாத பாம்பை வளர்ப்பதென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்பது இரண்டாவது. ரொறன்ரோவில் கோர்ன் ஸ்நேக் என்ற சோளப் பாம்பை வளர்க்கும் உங்கள் அண்ணன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது ஒன்றைக் கொண்டுவரலாமா என்பது மூன்றாவது. முதற்கேள்விக்கு இன்றே பதில் வேண்டும். அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்தப் போத்தலை யாரும் திறக்க வேண்டாம். உணவு போடவும் வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். வெயில் படாத, சின்னப் பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில், ஒரு வாளிக்குள் நிறுத்தி வையுங்கள். போத்தலின் வெளியிலிருந்தே தலை, நடுமுதுகு, வால் மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, வீட்டில் ஒரு பாம்பு இருக்கிறது, வந்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். மகனைத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை பிடிக்கும் பாம்பை அவன் உங்களுக்குக் காட்ட மாட்டான். அதுதான் உண்மையான ஆபத்து.

இவ்வளவு பதற்றம் ஏன் என்று கேட்பீர்கள். நம் வயல்களிலும் வளவுகளிலும் குட்டியாக இருக்கும்போது பாம்புகள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. வளர்ந்த சாரையை எவரும் சொல்லிவிடுவார்கள்: ஆறடிக்கு மேல் நீளம், பெரிய வட்டக் கண், ஒல்லியான கழுத்து, உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள், பகலில் விரைந்தோடும் இயல்பு. அதன் குட்டிக்கோ உடலின் முன்பகுதியில் வெளிறிய குறுக்குப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மங்கிவிடும். பட்டையுள்ள குட்டி என்று சொன்னவுடன் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது இன்னொரு பாம்பு: எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் சொல்லப்படுவது.

கட்டுவிரியனையும் ஓநாய்ப் பாம்பையும் குழப்பிக்கொள்வது இலங்கையிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக நடக்கும் கதை. ஓநாய்ப் பாம்பு வீட்டுச் சுவரில் ஏறிப் பல்லி பிடிக்கும், விஷமில்லாத சின்ன உயிர். அதன் பட்டைகள் கழுத்திலிருந்தே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டுவிரியனில் பெரும்பாலும் தலைப்புறம் மங்கலாகவும் வாலை நோக்கித் தெளிவாகவும் இருக்கும். அதன் நடுமுதுகில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம் கொண்டவை. ஆனால் கட்டுவிரியன் குட்டிகளில் பட்டைகள் முன்பக்கத்திலும் தெளிவாகத் தெரியலாம். அந்த நடுமுதுகுச் செதிலைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பைக் கையருகே கொண்டுவர வேண்டும். அதைச் செய்வதற்காகவே பிள்ளைகள் கையில் எடுக்கிறார்கள். கட்டுவிரியன் கடித்தால் அந்த இடம் வீங்காது, வலியும் பெரிதாக இருக்காது. பாயில் படுத்திருப்பவருக்குக் கடிபட்டதே தெரியாமல், விடியற்காலையில் வயிற்று வலியோடும் மூட முயலும் இமைகளோடும் எழுந்த பிறகே வீட்டார் விழித்துக்கொள்வது உண்டு.

இரண்டாவது குழப்பம் புடையன் குட்டி. கண்ணாடி விரியன் என்று பாடப்புத்தகத்தில் இருப்பதைத்தான் நாம் புடையன் என்கிறோம். அது முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும், ஒரே ஈற்றில் இருபது முப்பது கூட இருக்கும். முதுகில் சங்கிலிபோல மூன்று வரிசைப் பழுப்பு வட்டங்கள். மலைப்பாம்புக் குட்டி, அதாவது வெங்கிணாந்திக் குட்டி, என்று இதைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மறுபுறம், வெங்கிணாந்தியையும் மணலில் புதைந்து வாழும் மண்பாம்பையும் புடையன் என்று நினைத்து அடித்துக் கொல்பவர்களும் இருக்கிறார்கள். புடையன் குட்டிக்குப் பிறந்த நாளிலேயே நச்சுப்பல்லும் நஞ்சும் இருக்கும். சின்னதாக இருப்பதால் கடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற எண்ணம் தவறு.

ஒருவேளை கடித்துவிட்டால்: கடிபட்ட கையை அசைக்காமல், மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிவிட்டு, நேராக வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 இலவச அம்பியுலன்ஸை அழையுங்கள். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. விஷகடி வைத்தியரிடம் போய்விட்டுப் பிறகு பார்க்கலாம் என்று நேரத்தைக் கழிக்கவும் கூடாது. இங்கே வைத்தியசாலைகளில் பயன்படும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது. மூக்கு நுனி மேடிட்ட சின்ன விரியன் ஒன்று நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. அதன் கடிக்கு இந்த மருந்து உதவாது. பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை, தொலைபேசியில் ஒரு படம் போதும்.

இனி, அந்தக் குட்டி உண்மையிலேயே சாரைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் வேண்டாம் என்பதே. சாரை நஞ்சில்லாத பாம்பு, ஆனால் கூட்டுக்கு ஒத்துவராத பாம்பு. பகலெல்லாம் வயல்வரம்பிலும் வேலியோரத்திலும் அலைந்து இரை தேடுவது அதன் வாழ்க்கை. அடைத்துவைத்தால் வெளியேற வழி தேடி மூக்கைக் கண்ணாடியிலும் வலையிலும் உரசிக்கொண்டே இருக்கும். மூக்கு நுனி புண்ணாகி, புண் வாய்க்குள் பரவி, உண்பதை நிறுத்திவிடும். குட்டிச் சாரைக்கு எலிக்குஞ்சு இரையென்று புரியாது, அதற்குத் தேவை தவளையும் பல்லியும். நாள்தோறும் தவளை பிடித்துக் கொடுக்கும் பிள்ளைக்கு முதல் வாரம் இருக்கும் உற்சாகம் பரீட்சைக் காலத்தில் இருக்காது. தவளை வழியாகப் பாம்பின் குடலுக்குப் போகும் ஒட்டுண்ணிகளும் உண்டு. காட்டில் அவற்றைத் தாங்கிக்கொள்ளும் உடல், அடைபட்ட பயத்தில் தளர்ந்தபின் தாங்காது.

சட்டமும் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் நம் நாட்டின் பாம்பினங்களில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. அனுமதியின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெங்கிணாந்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை, அதன் பன்னாட்டு வணிகத்துக்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு.

சாரை வேண்டாம் என்றால் வேறு எது என்று மகன் கேட்பான். நீர்ச்சாரை என்றும் தண்ணீர்ப்பாம்பு என்றும் சொல்லும் வாய்க்கால் பாம்பு நஞ்சில்லாதது, ஆனால் மிகுந்த கோபக்காரப் பாம்பு, கடித்தால் விடாது. கொம்பேறி மூக்கன் மெல்லிய, அழகான மரப்பாம்பு. கடித்தவர் எரிவதைச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பார்க்கும் என்று அதன்மேல் ஏற்றிய பழி முழுப் பொய். அதுவும் அடைபட்டால் சில வாரங்களில் வாடிவிடும். பச்சைப்பாம்பு கண்ணைக் குத்தாது, ஆனால் பின்பல்லில் மெல்லிய நஞ்சுள்ள இனம், விஷமில்லாதது என்ற பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. வாவியில் வலைக்குள் வரும் பாம்புகளைத் தொடவே வேண்டாம். அவற்றுள் சுரசுரப்பான தோல்கொண்ட சாதுவான, நஞ்சில்லாத ஒன்றும் இருக்கிறது. கொடிய நஞ்சுள்ள கடற்பாம்புகளும் வாவிக்குள் வரும். இருட்டில் வலையிலிருந்து எடுக்கும் கைக்கு வேறுபாடு தெரியாது. பூச்சட்டி மண்ணில் மண்புழுபோல நெளியும் கறுப்பு நிறக் குருட்டுப் பாம்பைக் கண்டால் மட்டும் மகனை அழைத்துக் காட்டுங்கள். எறும்பு முட்டைகளையும் கறையான்களையும் தின்னும் அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண், இணையில்லாமலே முட்டையிடும். பார்த்தபின் மண்ணுக்குள்ளே விட்டுவிடலாம்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நான் லண்டனில் வாழ்ந்த காலத்தில் சோளப் பாம்பு வளர்த்தவன், இங்கே வந்த பிறகு நம்மூர்ப் பாம்புகளைக் கவனித்து வருகிறேன். என் அனுபவத்தில், பாம்பைத் தேர்ந்தெடுப்பதில் நிறமும் இனமும் இரண்டாம் பட்சம். அது கூண்டில் பிறந்ததா, உறையவைத்த எலியைத் தயங்காமல் தின்கிறதா, அதன் ஆயுள் முழுவதும் அதற்கு வேண்டிய வெப்பத்தையும் உணவையும் வைத்தியத்தையும் நாம் இருக்கும் ஊரில் கொடுக்க முடியுமா என்பவைதான் முதற்கேள்விகள். இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாதவர் எந்தப் பாம்பையும் வாங்கக் கூடாது.

அண்ணன் வளர்க்கும் சோளப் பாம்பு முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது என்று நான் மனமாரச் சொல்லுவேன். ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி அதன் தாயகம். வளர்ந்தால் மூன்று முதல் ஐந்து அடி. சாதுவானது, பெரும்பாலும் உணவை மறுக்காது, இருபது ஆண்டுகள் வரை வாழும். ஒரேயொரு குறை, தப்பி ஓடுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. விரல் நுழையாத இடைவெளியிலும் குட்டி நுழைந்துவிடும். அதற்கு அடுத்துப் பலரும் விரும்புவது, ‘போல் பைதன்’ (ball python) என்ற ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். கையில் வைத்திருக்க இதைவிட அமைதியான பாம்பு இல்லை. ஆனால் மாதக்கணக்கில் உண்ணாமல் இருந்து வளர்ப்பவரைக் கலங்கவைக்கும். ஆயுளும் நீண்டது: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 60 வயதைத் தாண்டியதாகக் கணிக்கப்பட்ட ஒன்று, பல ஆண்டுகள் ஆண் துணையே இல்லாமல் இருந்தும், 2020இல் முட்டையிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பாம்பை அவன் தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பராமரிக்க வேண்டியிருக்கலாம். இந்த இனத்தில் ஸ்பைடர் என்ற நிறவகையை மட்டும் யாரும் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்த அழகான கோலத்தைத் தரும் மரபணுவே தலை நடுக்கத்தையும் சமநிலைக் குறைவையும் சேர்த்துத் தருகிறது.

கிங் ஸ்நேக் நல்ல தெரிவுதான், ஆனால் மற்றப் பாம்புகளைத் தின்னும், தனியாகவே வைக்க வேண்டும். பர்மிய மலைப்பாம்பு, அதைவிட நீளமான வலைக்கோல மலைப்பாம்பு ஆகியவற்றின் குட்டிகள் கடையில் மலிவாகவும் அழகாகவும் இருக்கும். சில ஆண்டுகளில் அவை ஓர் ஆள் தூக்க முடியாத உடலாகிவிடும். ரொறன்ரோ மாநகரில் மூன்று மீற்றருக்கு மேல் வளரும் பாம்பினங்களை வீட்டில் வைத்திருக்கத் தடை இருப்பது நியாயமானது. அவுஸ்திரேலியாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: அங்கே சோளப் பாம்பே தடைசெய்யப்பட்ட வெளிநாட்டு இனம், உள்நாட்டு இனங்களை மட்டுமே உரிமம் பெற்று வளர்க்கலாம்.

வாங்கும்போது என்ன பார்ப்பது? குட்டியாக வாங்குவதைவிட ஒரு வயது கடந்ததை வாங்குவது நல்லது. கடைசியாக எப்போது, எதை, எத்தனை முறை தின்றது என்ற குறிப்பைக் கேளுங்கள். குறிப்பு இல்லாத இடத்தில் வாங்க வேண்டாம். முடிந்தால் உங்கள் கண்முன்னே ஒருமுறை உண்ணச் சொல்லிப் பாருங்கள். கையில் எடுத்தால் உடல் இறுக்கமாக, தசையோடு இருக்க வேண்டும், தொய்ந்து தொங்கக் கூடாது. நாக்கை அடிக்கடி நீட்ட வேண்டும். கண் தெளிவாக, கழிவுத்துளை சுத்தமாக, முதுகெலும்பு மடிப்பில்லாமல் இருக்க வேண்டும். தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் மிளகுத் தூள் ஒட்டியதுபோல் கறுப்புப் புள்ளிகள் அசைந்தால் அவை உண்ணிகள். வாயோரத்தில் நுரை, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் இருந்தால் நுரையீரல் தொற்று. இவற்றில் எது இருந்தாலும் இரக்கப்பட்டு வாங்கி வர வேண்டாம்.

வெப்பம்தான் பாம்பு வளர்ப்பின் உயிர்நாடி. நம்மைப்போல் உடலுக்குள்ளே சூட்டை உண்டாக்க அதற்கு முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கும், குளிர் வேண்டுமென்றால் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்தே உடலை ஒழுங்குபடுத்துகிறது. அதனால் கூண்டின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். சோளப் பாம்புக்குச் சூடான முனையில் 30 பாகை செல்சியஸ் அளவும், குளிர்ந்த முனையில் 24 அளவும் பொருத்தம். போல் பைதனுக்கு 32, 26 என்று சற்றுக் கூடுதலாகவும், ஈரப்பதன் 60 சதவீதத்தை ஒட்டியும் வேண்டும். இரண்டு முனையிலும் பாம்பு ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் கட்டாயம். ஒன்றே ஒன்று வைத்தால், பயத்துக்கும் குளிருக்கும் நடுவில் பாம்பு பயத்துக்கே அஞ்சும். செரிமானம் நின்றாலும் மறைவிடத்தை விட்டு வெளியே வராது. சூடேற்றும் கருவி எதுவாக இருந்தாலும், சூட்டை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. அடிவயிறு வெந்துபோகும் அளவுக்குச் சூடேறினாலும் அதன்மேலேயே பாம்பு படுத்துக்கிடக்கும். அப்படி வெந்த பாம்புகளை லண்டனில் கண்டிருக்கிறேன், பார்க்கச் சகிக்காது.

கூண்டு எவ்வளவு பெரிது? பாம்பு முழு நீளத்துக்கு உடலை நீட்டிப் படுக்க இடம் வேண்டும் என்பதே இன்று பொறுப்பான வளர்ப்பாளர்கள் சொல்லும் அளவு. தரைக்கு அஸ்பென் மரச்சீவல் அல்லது தென்னந்தும்பு போடுவார்கள். ஈரப்பதனைப் பிடித்துவைப்பதில் தும்புச்சோற்றை வெல்ல ஒன்றுமில்லை. லண்டன் கடையில் ஊர்வனவற்றுக்கென்று விற்ற தும்புக் கட்டியில் இலங்கைத் தயாரிப்பு என்று அச்சிட்டிருந்ததைக் காணும்போது மனம் நிறையும். சீடார் மரச்சீவல் ஆகாது, அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கேடு. உடல் முழுவதும் அமிழக்கூடிய தண்ணீர்ப் பாத்திரம், பூட்டு உள்ள மூடி, ஏறப் படுக்கக் கொஞ்சம் கிளைகள், பகல் இரவு தெரியும் வெளிச்சம் ஆகியவை இருந்தால் போதும்.

உணவு முழு எலி. இறைச்சித் துண்டு, முட்டை, மீன் எதுவும் இந்த இரண்டு இனங்களுக்கும் ஆகாது. எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்த முழு உடலில்தான் வேண்டிய சத்து இருக்கிறது. பாம்பின் உடல் எங்கே மிகத் தடிப்போ அந்தத் தடிப்பளவு எலி போதும், சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. குட்டிச் சோளப் பாம்புக்கு ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மயிர் முளைக்காத சுண்டெலிக் குஞ்சு. வளர்ந்ததற்குப் பத்து முதல் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வளர்ந்த சுண்டெலி. நம் மக்கள் விருந்தோம்பும் மனத்தோடு பாம்புக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். கூண்டில் வளரும் பாம்புகளுக்குப் பட்டினியைவிடக் கொழுப்பே பொதுவான நோய். உறையவைத்த எலியைக் குளிர்பெட்டியில் இளகவிட்டு, பிறகு சுடுநீரில் உடற்சூடு வரும்வரை வைத்து, நீண்ட இடுக்கியால் கொடுக்க வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உயிருள்ள எலியைக் கூண்டில் விடுவது பாம்புக்கே ஆபத்து, பசியில்லாத பாம்பின் முதுகை எலி கடித்துக் குதறிவிடும். உண்டபின் இரண்டு நாட்கள் தூக்கக் கூடாது. தூக்கினால் கக்கிவிடும், கக்கிய பாம்பு தேற வாரங்களாகும்.

தோல் உரிக்கும் காலத்தில் நிறம் மங்கி, கண் பால்போல நீலம் பூத்திருக்கும். சரியாகப் பார்க்க முடியாத அந்த நாட்களில் எரிச்சலாக இருக்கும், விட்டுவிட வேண்டும். ஈரப்பதன் சரியாக இருந்தால் வாயிலிருந்து வால்வரை ஒரே உறையாகக் கழன்றுவிடும். துண்டு துண்டாகக் கழன்றால் ஈரம் போதவில்லை. கண்ணை மூடியுள்ள பழைய செதில் ஒட்டி நின்றால் நகத்தால் நோண்டாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

புதிதாக வந்த பாம்பை முதல் இரண்டு வாரம் தொடாமல் விட்டால், பிறகு எல்லாம் எளிது. மேலிருந்து தலையைப் பிடிக்காமல் பக்கவாட்டிலிருந்து நடுவுடலைத் தாங்கி எடுக்க வேண்டும். மேலிருந்து வருவதெல்லாம் அதற்குப் பருந்து. ஊர்வனவற்றின் உடலில் சல்மொனெல்லா என்ற பற்றீரியா இருப்பது வழக்கம். தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாத வீட்டில் பாம்பு இருக்கக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, நோயால் தளர்ந்த முதியவர் இருக்கும் வீடுகள் ஊர்வன வளர்ப்பைத் தவிர்ப்பதே நல்லது. உங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், அதையும் எண்ணிப் பாருங்கள்.

மாமியார் பால் வைக்கச் சொல்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். நாகதம்பிரானுக்குப் பால் வார்ப்பது நம் வழிபாடு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வளர்ப்புப் பாம்புக்குப் பால் வைப்பது வேறு. பாம்பின் உடல் பாலைச் செரிக்க அமைந்ததில்லை. தாகத்தில் வாடும் பாம்பு எதிரே எந்தத் திரவம் இருந்தாலும் குடிக்கும், குடித்தபின் வயிறு கெடும். வெறும் தண்ணீர் மட்டும்.

இவ்வளவையும் மட்டக்களப்பில் செய்ய முடியுமா? இங்கே சிக்கல் தலைகீழாக இருக்கிறது. லண்டனில் சூடேற்றப் போராட வேண்டும். களுவாஞ்சிகுடியில் குளிர்ந்த முனைக்குப் போராட வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையுள்ள அறை நண்பகலில் 35 பாகையை எளிதாகத் தாண்டும். கண்ணாடிக் கூண்டுக்குள் அது இன்னும் கூடும். அந்தச் சூட்டில் ஒதுங்க இடமில்லாத சோளப் பாம்பு ஒரே பிற்பகலில் இறந்துவிடலாம். குளிரூட்டிய அறை இருந்தாலும் மின்வெட்டு இருக்கிறது. உறையவைத்த எலியும் இங்கே கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. வயலெலியைப் பிடித்துக் கொடுக்கலாம் என்றால் அதன் உடலில் எலிப் பாஷாணம் இருக்கலாம், பாம்பும் சேர்ந்து சாகும். பிடிக்கும் மகனுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். பெரும்போகக் காலத்தில் அந்த நோய் நம் பகுதியை எப்படி வாட்டுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்வனவற்றைப் பார்க்கப் பழகிய மிருக வைத்தியரைத் தேடி, மிருக வைத்திய பீடம் உள்ள பேராதனைவரை போக வேண்டியிருக்கும்.

அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையில் வாழும் தெலுங்கு பேசும் சமூகத்தின் முன்னோர்கள் தலைமுறைகளாகப் பாம்போடு வாழ்ந்தார்களே என்று யாராவது கேட்கலாம். அவர்களுடைய கையறிவை நான் மதிக்கிறேன். நாகத்தின் அசைவைப் படிப்பதில் அந்த மூத்தவர்களுக்கு ஈடில்லை. ஆனால் பாம்பாட்டுதல் ஒரு பிழைப்பாக இருந்தது. கூடையில் பாம்பு சில காலம் இருக்கும், பின் வேறொன்று வரும். இருபது ஆண்டுகள் ஒரே உயிரை நலமாக வைத்திருப்பது வேறு வேலை.

மூன்றாம் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. அண்ணன் கொண்டுவரக் கூடாது. எந்த வெளிநாட்டு வனவிலங்கையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கைக்குள் கொண்டுவருவது அதே கட்டளைச் சட்டத்தின்கீழ் குற்றம். விலங்கு நோய்த் தடுப்புக்கான பரிசோதனையும் தனியாக இருக்கிறது. பயணப்பைக்குள் துணியில் சுற்றிக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால், பிடிபட்டால் வழக்கு, பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். தப்பிய பாம்பு என்ன செய்யும் என்பதற்கு குவாம் தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பற் சரக்கோடு வந்துசேர்ந்த ஒரு பழுப்பு மரப்பாம்பு அங்கிருந்த காட்டுப் பறவையினங்களில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. புளோரிடாவில் வளர்ப்பவர்கள் கைவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலக் காட்டை நிறைத்த பிறகு, 2012இல் ஐக்கிய அமெரிக்கா அவற்றின் இறக்குமதிக்கே தடை விதித்தது. எலியும் பல்லியும் பறவைக்கூடும் நிறைந்த, வாவிக்குக் கிழக்கே உள்ள நம் எழுவான்கரையில், எதையும் தின்று பிழைக்கும் சோளப் பாம்பு ஒருமுறை பரவினால் திரும்பப் பிடிக்க வழியே இருக்காது.

அதனால் மகனின் ஆசையை அணைக்கச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம், தங்கச்சி. பயமில்லாமல் ஒரு பாம்பைக் கண்டு ஆவல் கொள்ளும் பிள்ளை நம்மூருக்குத் தேவை. உங்கள் வளவில் எங்காவது ஒரு சாரை இருக்கும். தென்னை மட்டையும் பொச்சும் குவித்த மூலையிலோ கோழிக்கூட்டுக்குப் பின்னாலோ இருக்கும். அதை அடிக்க வேண்டாம் என்று வீட்டாருக்குச் சொல்லுங்கள். பொச்சுக் குவியலை மட்டும் வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி, வளவின் கோடிக்கு மாற்றுங்கள். இரவில் டோர்ச் இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம். தரையில் பாய் போட்டுப் படுப்பதை விட்டுக் கட்டிலில் நுளம்பு வலையை மெத்தைக்கடியில் செருகிப் படுங்கள். அந்தச் சாரை காலையில் எந்த நேரத்தில் வெயில் காய்கிறது, எந்தப் பாதையில் போகிறது, மழைக்குப் பிறகு எங்கே ஒதுங்குகிறது என்று மகன் தூரத்தில் நின்று எழுதி வைக்கட்டும். இரண்டு சாரைகள் உடலைப் பின்னி நிமிர்ந்து ஆடுவதை அவன் ஒருநாள் காணக்கூடும். சாரையும் நாகமும் இணைகின்றன என்று ஊரில் சொல்லுவார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகளின் பலப்பரீட்சை.

அண்ணனிடம் ஒரு வேலை ஒப்படையுங்கள். அவருடைய பாம்புக்கு உணவு கொடுக்கும் நாளில் காணொளி அழைப்பெடுத்து, எலியை இளகவைப்பதிலிருந்து கூண்டைப் பூட்டுவதுவரை மருமகனுக்குக் காட்டட்டும். வெப்பமானியின் இரண்டு அளவுகளையும் மகனே வாசித்துக் குறித்துக்கொள்ளட்டும். அடுத்த பாடசாலை விடுமுறையில் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போக முடிந்தால் தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் ஊர்வனப் பகுதிக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் மலைப்பாம்புக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை உணவு, இரவில் என்ன வெப்பநிலை, தோல் ஒட்டினால் என்ன செய்கிறார்கள் என்று அவனே கேட்கட்டும். போத்தலில் இருப்பது என்ன பாம்பு என்று படத்தை அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். ஆனால் என் பதில் வரும்வரை காத்திருக்காமல், முதலில் 1992க்கு அழையுங்கள்.